அண்ணி சொன்ன ரிப்பேர்கள்

பல் மருத்துவமனை வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பது என் வேலை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்க யாராவது வாயைத் திறந்தபடி படுத்திருப்பார்கள். எப்பேர்ப்பட்ட அழுத்தக்காரனும் அந்த நாற்காலியில் சாய்ந்ததும் திறந்துவிடுவான். என் அண்ணனை அதில் உட்கார வைத்தால் மட்டும் டாக்டர் கெஞ்ச வேண்டியிருக்கும். பிறக்கும்போதே அவன் வாய்க்குப் பூட்டுப் போட்டு, சாவியை எங்கேயோ வைத்து மறந்துவிட்டார்கள்.

அந்தச் சாவியைத் தேடிக் கண்டுபிடித்தவள் என் அண்ணி. பொய் சொல்லித்தான் கண்டுபிடித்தாள். அந்தப் பொய்களைச் சரியாகச் சொல்வதற்காக அவள் படித்த படிப்பு கொஞ்சநஞ்சமில்லை.

அண்ணன் குளிர்சாதன மெக்கானிக். கடல் தாண்டிய ஒரு நாட்டில், பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் பாலும் இறைச்சியும் ஐஸ்கிரீமும் வைக்கிற குளிர் அலமாரிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. மகள் தவழ்ந்துகொண்டிருந்தபோது போனான். இப்போது அவள் வேறு ஊரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறாள். ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் "இந்த ஒரு தடவை மட்டும்" என்று புதுப்பித்துக்கொள்வான். முதலில் வீட்டுக்காக, அப்புறம் மகளுக்காக. அதற்கும் அப்புறம் எதற்காக என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

நான் அதே வீட்டின் மாடியில் தனியாக இருக்கிறேன். எனக்கு நடந்த கல்யாணம் அற்பாயுசில் போனது, அது வேறு கதை. சாப்பாடு கீழே அண்ணியோடு. நாத்தனாரும் அண்ணியும் எலியும் பூனையுமாக இருப்பார்கள் என்று சொல்வார்கள். நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். சண்டையை விலக்கிவிட வீட்டில் மூன்றாவது ஆள் இல்லாததால் நாங்களே சமாதானமாகப் போக வேண்டியதாயிற்று.

அண்ணனுக்கும் அண்ணிக்கும் கல்யாணம் ஆனதே ஒரு ரிப்பேரில்தான். அப்போது அண்ணன் உள்ளூரில் வீடு வீடாகப் போய் ஃப்ரிட்ஜ் சரிசெய்துகொண்டிருந்தான். அண்ணி வீட்டு ஃப்ரிட்ஜ் குளிரவில்லை என்று அவளுடைய அப்பா கூப்பிட்டார். போய்ச் சரிசெய்து கொடுத்தான். அடுத்த வாரம் இவனே போன் செய்து எப்படி ஓடுகிறது என்று கேட்டிருக்கிறான். நன்றாக ஓடுகிறது என்றார் அவர். "போன்ல சொன்னா தெரியாது சார், நேர்ல வந்துதான் பாக்கணும்" என்று போய் நின்றிருக்கிறான். அதற்கடுத்த வாரமும் அதே கதை. "ஃப்ரிட்ஜுக்கு ஒண்ணுமில்ல, இவனுக்குத்தான் என்னமோ" என்று அவர் சமையலறைப் பக்கம் பார்த்துச் சொன்னாராம். அண்ணி அதைச் சொல்லும்போதெல்லாம் இந்த வயசிலும் அசடு வழிவாள்.

அவ்வளவு துணிச்சலாக வந்து நின்றவன் போன லீவில் வந்தபோது எப்படி இருந்தான் என்று நான் கண்ணால் பார்த்தேன். வந்த அன்றே மிக்ஸியைக் கழற்றினான். பிறகு ஒழுகுகிற குழாய், கரகரக்கும் மின்விசிறி, இறுகிப்போன ஜன்னல் கொக்கி. மாடியிலிருந்த என் இஸ்திரிப் பெட்டியைக்கூட விடவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது. சரிசெய்ய ஒன்றும் இல்லை என்றானதும் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க ஆரம்பித்தான். அண்ணி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவன் பார்க்கிற சுவரையே பார்ப்பாள். லீவு பாக்கி இருக்கும்போதே, அங்கே அவசரமாகக் கூப்பிடுகிறார்கள் என்று கிளம்பிப் போய்விட்டான். யாரும் கூப்பிடவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். எனக்கு அவன்மேல் வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

வாரத்தில் ஒரு நாள் அவனுக்கு விடுமுறை. அன்று மாலை போன் வரும். அண்ணி ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காய் நறுக்குவாள். சாப்பிட்டியா என்பான். சாப்பிட்டேன், நீங்க என்பாள். அங்க மழையா, இங்க வெயில். குழந்தை போன் பண்ணாளா, பண்ணா. பிறகு இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். "சரி, வைக்கட்டுமா" என்று அவன்தான் முதலில் கேட்பான். வைத்த பிறகு அண்ணி நறுக்கிய காயையே மறுபடி நறுக்குவாள்.

மகள் விடுதிக்குப் போன பிறகு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் அண்ணி வேலைக்குப் போனாள். பஸ் ஏறிப் போகிற தூரத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட். பால் பகுதியில் சரக்கு அடுக்குகிற வேலை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு வாரம் மூக்கைச் சிந்தினாள், அப்புறம் பழகிவிட்டது.

அங்கே போன கொஞ்ச நாளில் அது நடந்தது. அன்றைக்கு வழக்கமான கேள்விகள் தீர்ந்து, மூச்சுச் சத்தம் தொடங்கியிருந்தது. வைக்கட்டுமா என்று அவன் கேட்கப் போகிறான் என்று தெரிந்து, அதைத் தள்ளிப்போடத்தான் அண்ணி சொன்னாள்.

"இன்னைக்குப் பூரா தரை துடைச்சே இடுப்பு விட்டுப்போச்சு. பால் அலமாரிக்குக் கீழ தண்ணி தேங்கிக்கிட்டே இருக்கு."

"எப்பவும் வருதா, விட்டு விட்டு வருதா?"

அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "விட்டு விட்டுத்தான் வருது."

"தெளிவா இருக்கா, கலங்கலா இருக்கா?"

"தெளிவாத்தான் இருக்கு."

"அப்போ பனி உருகற தண்ணி. அலமாரிக்கு உள்ள காயில்னு ஒரு சுருள் குழாய் இருக்கும், அதுமேல பனி பிடிக்கும். அதை உருக்கறதுக்கு மெஷினே அப்பப்போ கொஞ்ச நேரம் குளிரை நிறுத்திக்கும். டீஃப்ராஸ்ட்னு சொல்வாங்க. உருகின தண்ணி போக அடியில ஒரு குழாய் இருக்கு, அது அடைச்சிருக்கு. கீழ்த் தட்டைத் தூக்கிப் பாரு. விலைச் சீட்டு, ஸ்டிக்கர், அந்த மாதிரி ஏதாவது சுருண்டு கிடக்கும்."

என் அண்ணன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அண்ணியின் கத்தி காயின்மேல் அப்படியே நின்றிருந்தது.

மறுநாள் தட்டைத் தூக்கிப் பார்த்தாளாம். ஈர ஸ்டிக்கர்கள் ஒரு கைப்பிடி உருண்டு கிடந்தன. அடுத்த வாரம் அதைச் சொன்னதும் அவன் குரலில் ஒரு சந்தோஷம். அந்தக் குழாய் ஏன் வளைத்து வைக்கப்பட்டிருக்கிறது, நேராக வைத்தால் என்ன ஆகும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனான். கடைசியில் வைக்கட்டுமா என்று கேட்கவில்லை. "வேற எதாவது கோளாறு இருக்கா?" என்று கேட்டான்.

அண்ணி அதைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அந்தக் கடையில் அடிக்கடி எதுவும் கெடவில்லை, அதுதான் சிக்கல். மெஷின்கள் புதுசு, மாதாமாதம் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போவான். சும்மா எப்படி ஓடுகிறது என்று அண்ணனிடம் கேட்டுப் பார்த்தாள். "அது உனக்கு எதுக்கு" என்று முடித்துவிட்டான். எதாவது கெட்டுப் போனால்தான் அவனுக்குப் பேச்சு வரும். ஆகவே அண்ணி கெடுக்க ஆரம்பித்தாள், வாயால் மட்டும்.

முதல் பொய் சின்னதுதான். விசிறியில் சத்தம் வருகிறது என்றாள். அது என்ன மாதிரிச் சத்தம், எப்போது வருகிறது என்று அவன் தோண்டித் துருவிக் கேட்க, இவள் மாடிக்கு வந்து என்னுடைய பழைய மின்விசிறியை ஓடவிட்டுக் கேட்டுவிட்டுப் போய் பதில் சொன்னாள். அந்த வாரம் ஓடியது. அடுத்த வாரம் மாட்டிக்கொண்டாள்.

"பனி உருக்கற ஹீட்டர் ரொம்ப சூடாகுது" என்றாள்.

"எந்த அலமாரியில?"

"பால் அலமாரியிலதான்."

"பால் அலமாரியில ஹீட்டர் ஏது? ஐஸ்கிரீம் பெட்டிக்குத்தான் ஹீட்டர். பாலுக்கு விசிறிக் காத்துலயே பனி உருகிடும்."

அண்ணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "பக்கத்துப் பெட்டியைச் சொன்னேன்" என்று சமாளித்தாள். வைத்த பிறகு என் பக்கம் திரும்பி, "பொய் சொல்றதுக்கும் விஷயம் தெரிஞ்சிருக்கணும் போல" என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

மாதாமாதம் வருகிற மெக்கானிக்கைக் கடையில் ஐஸ் டாக்டர் என்று கூப்பிடுவார்கள். அண்ணியைவிடச் சின்னவன், வாய் ஓயாதவன். அடுத்த தடவை அவன் வந்தபோது அண்ணி அவனை விடவில்லை. அவன் எந்த அலமாரிக்குப் போனாலும் பின்னாலேயே துடைப்பத்தோடு போய் நின்றாளாம்.

"என்னக்கா, என் வேலைக்கு வேட்டு வைக்கற மாதிரி தெரியுதே" என்று கேட்டான்.

"உங்க வேலை எனக்கு எதுக்கு தம்பி? சும்மா தெரிஞ்சுக்கறேன்."

"சும்மா தெரிஞ்சுக்கறதுக்கு யாராவது வால்வைப் பத்திக் கேப்பாங்களா?"

ஆனாலும் டீ வாங்கிக் கொடுத்ததற்குச் சொல்லிக் கொடுத்தான். அவன் முதலில் சொன்னதை அண்ணி என்னிடம் வந்து அப்படியே ஒப்பித்தாள். இந்தக் கடையில் குளிரை யாரும் தயாரிப்பதில்லை, குளிர் என்று ஒரு சரக்கே கிடையாது, உள்ளே இருக்கிற சூட்டைத் தூக்கி வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறோம், அவ்வளவுதான் என்றானாம்.

எப்படித் தூக்குவது என்று நான் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். சாப்பாட்டு மேசையே பாடசாலை ஆகிவிட்டது. உப்பு டப்பா கம்ப்ரஸர். என் டம்ளர் வால்வு. அவள் தட்டு மொட்டைமாடி. குழாய்க்குள் நல்ல அழுத்தத்தில் திரவமாக வருகிற கேஸ், சின்ன ஓட்டை உள்ள வால்வு வழியாகப் போகும்போது அழுத்தம் இறங்கி, அலமாரியின் காயிலுக்குள் கொதித்து ஆவியாகிறது. கொதிக்கச் சூடு வேண்டுமே, அதைப் பாலிடமிருந்தும் தயிரிடமிருந்தும் பிடுங்கிக்கொள்கிறது. பின்னறையில் இருக்கிற கம்ப்ரஸர்கள் அந்த ஆவியை இழுத்து, அமுக்கி, மொட்டைமாடிக்குத் தள்ளுகின்றன. அங்கே விசிறிகள் சூட்டை ஊதி எடுக்க, மறுபடி திரவமாகிக் கீழே வருகிறது. எனக்குத் தாகம் எடுத்து டம்ளரைக் கேட்டேன். "இரு, கேஸ் இன்னும் திரும்பி வரல" என்றாள்.

கதவில்லாத பால் அலமாரியில் குளிர் எப்படி நிற்கிறது என்பதுதான் அவளுக்குப் பெரிய அதிசயம். மேலே இருக்கிற சல்லடையிலிருந்து குளிர்ந்த காற்று நேராகக் கீழே விழுந்து முன்பக்கத்தில் ஒரு திரைபோல் நிற்கிறதாம். தட்டின் ஓரத்தில் போட்டிருக்கிற சிவப்புக் கோட்டைத் தாண்டிச் சரக்கை அடுக்கினால் அந்தத் திரை கிழிந்துவிடும். அதற்குப் பிறகு யாராவது கோட்டைத் தாண்டி ஒரு பாக்கெட் வைத்தால் அண்ணி பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வாளாம். "கண்ணுக்கே தெரியாது. கையை நீட்டினா அந்தப் பக்கம் போயிடும். ஆனா அது நடுவுல இருக்கு" என்று என்னிடம் சொன்னாள்.

ஒரு நாள் ஐஸ் டாக்டர் அவளை மொட்டைமாடிக்கும் கூட்டிப் போனான். வரிசையாக விசிறிகள், ஒவ்வொன்றிலும் சூடான காற்று. அண்ணி அதன் எதிரே போய் நின்றிருக்கிறாள். தள்ளி நில்லுங்க, சுடும் என்று அவன் சொல்லியும் நகரவில்லை.

"கீழ நாங்க நடுங்கிக்கிட்டு நிக்கறோம். அந்தச் சூடெல்லாம் மேல வந்து யாருக்கும் உபயோகமில்லாம காத்துல போகுது" என்றாள் அன்றைக்கு. கொஞ்சம் பொறுத்து, "அவரும் அங்க இந்த மாதிரி ஒரு மாடியிலதான நின்னுட்டிருப்பார். அந்தக் காத்து மேல பட்டதும் அவரு பக்கத்துல இருக்கற மாதிரியே இருந்துது" என்றாள். அதைச் சொல்லிவிட்டு அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். சுத்தமாக இருந்த அடுப்பு அது.

அதன் பிறகு அண்ணியின் பொய்களுக்குத் தனி அழகு வந்துவிட்டது. காயிலின் ஒரு முனையில் மட்டும் பனி பிடிக்கிறது என்பாள். கேஸ் குறைச்சலா என்பான். கேஸ் ஓடுவதைப் பார்க்கக் குழாயில் வைத்திருக்கிற கண்ணாடியில் குமிழி இல்லை என்பாள். அப்போ வால்வு என்பான். வால்வு மாற்றியாகிவிட்டது என்பாள். அவன் உற்சாகமாகிவிடுவான். இரண்டு பேரும் இல்லாத ஒரு கோளாறை நடுவில் வைத்துக்கொண்டு ஊர்ப்பட்ட பேச்சுப் பேசுவார்கள். நடுநடுவே வேறு பேச்சும் வரும். அங்கே கூட இருந்தவன் ஊருக்குப் போய்விட்டான், அறையில் ஒரு கட்டில் காலி என்று ஒரு நாள் சொன்னான். முட்டி வலிக்கிறது, ஏணி ஏறக் கஷ்டமாக இருக்கிறது என்று ஒரு நாள். ரிப்பேர் இல்லாமல் இருந்தால் இதெல்லாம் வாயிலிருந்து வந்திருக்காது.

ஒப்பந்தம் முடிகிற நேரமும் வந்தது. இருக்கிறேனா, போகிறேனா என்று மாதக் கடைசிக்குள் அவன் அங்கே சொல்லியாக வேண்டும். இந்தத் தடவை புதுப்பித்தால் அவன் முடி முழுக்க அங்கேயேதான் நரைக்கும்.

"நேரா கேட்டுடுங்க அண்ணி. வந்துடுங்கன்னு சொல்றதுக்கு என்ன?" என்றேன்.

"நான் கூப்பிட்டு வர வேண்டாம். நாளைக்கு ஒரு கஷ்டம்னா, நீ கூப்பிட்டே, வந்தேன்னு அவர் வாயில வந்துடக் கூடாது. போன தடவை மாதிரி சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா நான் என்ன பண்ணுவேன்? அவரா வரணும்."

"அவனாத்தான் வரணும்னா எப்படி வருவான்?"

அண்ணி சிரித்தாள். பிறகுதான் அவள் திட்டம் எனக்குப் புரிந்தது. அவன் போனில் தீர்க்க முடியாத ஒரு ரிப்பேரைக் கட்டிக்கொண்டிருந்தாள். எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் இருக்க வேண்டும், எந்தப் பதிலும் முடிவைத் தரக்கூடாது. கடைசியில் அவன் கையை விரித்து, அந்தப் பழைய வார்த்தையைச் சொல்ல வேண்டும். நேர்ல வந்துதான் பாக்கணும். சும்மா சொன்னாலும் போதும், அவன் வாயிலிருந்து அதை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை.

அதற்காக ஐஸ் டாக்டரை அவள் படுத்திய பாடு அவனுக்குத்தான் தெரியும். விஷயத்தைக் கரைத்துக் குடித்துவிட்டாள். மீன் பெட்டியைத் தேர்ந்தெடுத்தாள். தினமும் மதியம் அதன் குளிர் குறைகிறது, மாலையில் தானாகச் சரியாகிறது. விசிறி ஓடுகிறது. வால்வு நன்றாக இருக்கிறது. கதவு ரப்பர் புதுசு. மாடியில் ஒரு தூசி இல்லை. அந்த மாலை அவன் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டான், இவள் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னாள். கடைசியில் அந்தப் பக்கம் சத்தமில்லை. அண்ணி கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஒண்ணு பண்ணு. உங்க மெக்கானிக் நம்பரைக் குடு. நான் அவன்கிட்ட நேரா பேசிக்கறேன்" என்றான்.

அவள் முகம் தொங்கிப் போயிற்று. "அவரு லீவுல போயிருக்காரு" என்றாள்.

இரண்டு நாள் கழித்து, நான் மருத்துவமனையில் இருக்கும்போது அண்ணன் எனக்குப் போன் செய்தான். எனக்கு அவன் போன் செய்கிற வழக்கமே இல்லை. என்னவோ ஏதோ என்று டோக்கன் கட்டைக் கீழே வைத்துவிட்டு எடுத்தேன்.

"அந்தக் கடையை ஏன் இன்னும் இழுத்து மூடல?" என்றான்.

"எதுக்கு மூடணும்?"

"இத்தனை ரிப்பேர் ஒரே கடையில வந்தா, அதுல பால் வாங்கினவன் ஒருத்தனும் உயிரோட இருக்க மாட்டான். போன மாசம் கம்ப்ரஸர் நின்னுபோச்சு, ஆனா குளிர் ஏறிக்கிட்டே போகுதுன்னு சொன்னா. அப்படி ஒரு மெஷின் இருந்தா கண்டுபிடிச்சவனுக்குச் சிலை வைக்கலாம்."

"தெரிஞ்சும் ஏண்ணா பதில் சொன்னே?"

உள்ளே டாக்டர் யாரையோ வாயைக் கொப்பளிக்கச் சொன்னார். "பால் அலமாரியில ஹீட்டர்னு சொன்ன அன்னைக்கே தெரியும். அவ எனக்காக இவ்வளவு மெனக்கெட்டுக் கதை கட்டறா. நான் பதில் சொல்றதை நிறுத்திட்டா அவளும் நிறுத்திடுவா. அப்புறம் மறுபடி சாப்பிட்டியா, மழையா" என்றான். "இங்கேர்ந்து வந்துடலாம்னு நினைக்கறேன். ஆனா போன தடவை பாத்தே இல்ல. மிக்ஸியைச் சரி பண்ணி முடிச்சதும் அவ முன்னாடி எப்படி உக்காரறதுன்னே எனக்குத் தெரியல. பயமா இருக்கு. அவகிட்ட சொல்லாத."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத் தொலைத்தேன். இங்கே ஒருத்தி, அங்கே ஒருத்தன், இரண்டு பேர் ரகசியமும் என் வயிற்றில். இரண்டு பேரையும் ஒரே நாற்காலியில் உட்கார வைத்து வாயைத் திறக்க வைத்தால் என்ன என்று தோன்றியது.

மாதக் கடைசி நெருங்கிய ஒரு நாள் மதியம், அண்ணியின் பால் அலமாரியில் நிஜமாகவே வெப்பம் ஏறத் தொடங்கியது. மேனேஜர் ஓடி வந்து, மெக்கானிக்குக்குப் போன் போடட்டுமா என்று கேட்டிருக்கிறார். அண்ணி அலமாரியில் வெப்பம் காட்டுகிற எண்ணைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். "டீஃப்ராஸ்ட் சார். கொஞ்ச நேரத்துல இறங்கிடும். இதுக்குப் போய் பயப்படலாமா" என்றாள். ஒன்றும் தெரியாத பழைய அண்ணியாக இருந்தால் அலறியிருப்பாள். எத்தனையோ பொய்க் கோளாறுகளைப் பார்த்துப் பழகியவளுக்கு நிஜக் கோளாறு கண்ணில் படவில்லை.

வெண்ணெய் வியர்த்த பிறகும் எண் இறங்கவில்லை. மீன் பகுதியிலிருந்து ஒருத்தி, எங்க பெட்டியும் ஏறுது என்று சத்தம் போட்டாள். ஐஸ்கிரீம் பக்கமும் அப்படித்தான். அப்போதுதான் அண்ணிக்கு உறைத்தது. எல்லா அலமாரியும் ஒரே நேரத்தில் டீஃப்ராஸ்ட் ஆகாது. ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வைத்திருப்பார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் வந்தால் கோளாறு அலமாரியில் இல்லை, சூட்டைக் கொட்டுகிற இடத்தில்.

மேனேஜரை இழுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினாள். கடை முகப்பில் கட்டியிருந்த தள்ளுபடி விளம்பரத் துணி காற்றில் அறுந்து பறந்து வந்து, விசிறிகள் உறிஞ்சியதில் அவை இருக்கிற பெட்டியின்மேல் ஒட்டிக்கொண்டு கிடந்தது. சூடு வெளியே போக வழியில்லாமல் கம்ப்ரஸர்கள் தாங்க முடியாமல் நின்றுவிட்டிருந்தன. இரண்டு பேருமாகத் துணியைப் பிய்த்து எடுத்தார்கள். ஐஸ் டாக்டர் வந்து மறுபடி ஓடவைத்தான். ஆனால் அதற்குள் மேல் தட்டுப் பால் முழுக்கக் கொட்ட வேண்டியதாகிவிட்டது. மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டார், உங்களை யார் டாக்டர் வேலை பார்க்கச் சொன்னது என்று. அண்ணி பாக்கெட்டுகளைக் கிழித்துக் கிழித்துச் சாக்கடையில் ஊற்றினாள். வீட்டுக்கு வந்தபோது அவள் கையெல்லாம் பால் வாடை.

அடுத்த நாள் மாலை போன் வந்தது. அண்ணி ஸ்பீக்கரில் போட்டாள். காய் நறுக்க உட்கார்ந்தாள், நறுக்கவில்லை.

"அந்த மீன் பெட்டி எப்படி இருக்கு?" என்றான் அண்ணன்.

"மீன் பெட்டிக்கு ஒண்ணுமே இல்ல. எப்பவும் இருந்ததில்ல. அந்தக் குழாய் அடைச்சது மட்டும் நிஜம். மத்ததெல்லாம் நானா சொன்னது." நேற்று நடந்ததையும் சொன்னாள், டீஃப்ராஸ்ட் என்று தான் அடித்துச் சொன்னதையும், கொட்டிய பாலையும், எதையும் மறைக்கவில்லை. "நீங்க பேசணும்னுதான் அப்படிச் சொல்ல ஆரம்பிச்சேன். எனக்கு வேற வழி தெரியல" என்றாள்.

"தெரியும்" என்றான் அவன்.

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"தெரியும். நீ சொன்னது நல்லா இருந்துது" என்றான் மறுபடி. "இப்போ எப்படி ஓடுது?"

"எல்லாம் நல்லா ஓடுது. கடையில ஐஸ் டாக்டர் சரி பண்ணிட்டுப் போயிட்டார். வீட்லயும் மிக்ஸி, ஃப்ரிட்ஜ், குழாய், எதுவும் கெடல. நீங்க வந்தாலும் சரி பண்ண ஒண்ணும் கிடையாது." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே சொல்றதுக்கும் என்கிட்ட ஒண்ணுமில்ல."

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். அதற்கு அடுத்தபடியாக வைக்கட்டுமா என்பான். இந்தத் தடவை அவன் அதைச் சொன்னால் போனைப் பிடுங்கி நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"நல்லா ஓடுதுன்னு போன்ல சொன்னா எப்படித் தெரியும்?" என்றான். "நேர்ல வந்துதான் பாக்கணும். நாளைக்குக் காலையில ஆபீஸ்ல சொல்லிடறேன்."

அண்ணி ஸ்பீக்கரை அணைத்தாள். போனைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மீதிக் காயை நான் நறுக்கினேன்.